கவிதைக்கு முதல் போடுகிறவர்கள்

அரிசி வியாபாரம் செய்து செல்வரானவர்கள் உண்டு. ஜவுளி வியாபாரம் செய்து செல்வரானவர்கள் உண்டு. பாடப் புத்தகமும் பஞ்சாங்கமும் அச்சிட்டு மாடி வீடு கட்டியவர்களையும் நாம் அறிவோம். ஆனால், உயிரோடிருக்கும் கவிஞர் ஒருவருடைய புதிய கவிதைகளை அச்சிட்டு விற்று, அந்த லாபத்தில் ஒருவர் மாடி வீடு கட்டினார் என்று யாரேனும் வந்து சொன்னால், சொல்லுகிறவர் கதாசிரியராகத்தான் இருக்க வேண்டுமென்று நாம் தயங்காமல் முடிவு செய்துவிடலாம்.

இங்கே ‘உயிரோடிருக்கும்’ என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். காளிதாஸனையும் கம்பனையும் அச்சிடுவதில் பிரசுரகர்த்தருக்குப் பெரிய அபாயம் ஒன்றும் இல்லை. பல நூற்றாண்டுக் காலம் வாசகர்கள் உரைத்துப் பார்த்துத் தேர்ந்த பொன் அது. மேலும், அந்த மகாகவிகள் வருஷந்தோறும் வந்து ராயல்டிக் கணக்குக் கேட்பதும் இல்லை. நேற்று எழுதிய கவிதையை இன்று அச்சிடுகிறவரின் நிலைமை வேறு. அது நிற்குமா நிற்காதா என்று அவருக்குச் சொல்லக்கூடியவர் உலகத்தில் எவரும் இல்லை. தம் செவியை நம்பி, தம் பணப்பையைத் திறந்து, அவர் காரியத்தில் இறங்க வேண்டியதுதான்.

அப்படி இறங்குகிறவர்கள் இரு வகையினர். பல நகரங்களில் அலுவலகமும், விற்பனைக்கு ஆட்களும், பாடப் புத்தக வருமானமும் உடைய பெரிய பிரசுராலயங்கள் ஒரு வகை. வீட்டுத் திண்ணையே அலுவலகமாகவும், கட்டிலுக்கு அடியே கிடங்காகவும், நண்பர்களே சிப்பந்திகளாகவும் கொண்ட சிறிய பிரசுராலயங்கள் மற்றொரு வகை. இவ்விரண்டில் புதுக் கவிதைக்கு உண்மையில் உதவுவது எது? சென்ற நூற்றாண்டில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் நடந்த சில காரியங்களைப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒரு காசுக்கு ஒரு கவிதை

வங்கக் கவிஞரும் விமரிசகருமான புத்ததேவ போஸ் 1935-ஆம் ஆண்டில் ‘கவிதா’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். பெயருக்கு ஏற்றபடி அது கவிதைக்கென்றே ஏற்பட்ட பத்திரிகை. கல்கத்தாவில் அவருடைய இல்லத்துக்கே ‘கவிதா பவன்’ என்ற பெயர் வழங்கியது. அந்தப் பெயரிலேயே நூல்களும் வெளிவந்தன. யுத்தத்தினால் காகிதப் பஞ்சம் தலைவிரித்தாடிய நாட்களில், ‘ஒரு காசுக்கு ஒன்று’ என்று பொருள்படும் பெயருடன் சிறு கவிதை நூல் வரிசை ஒன்றை அவர் வெளியிட்டார். பதினாறே பக்கம், விலையும் சொற்பம்.

அந்த வரிசையில் 1942-இல் வந்த மெல்லிய நூல் ஒன்றுக்கு ‘வனலதா ஸேன்’ என்று பெயர். எழுதியவர் ஜீவனானந்த தாஸ்; கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து வந்தவர்; கூச்ச சுபாவம் உடையவர். ரவீந்திரநாதருக்குப் பின் வந்த வங்கக் கவிஞர்களுள் தலைசிறந்தவர் என்று அவரை இன்று கொண்டாடுகிறார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1952-இல், ‘ஸிக்னெட் பிரஸ்’ என்னும் பெயர்பெற்ற பிரசுராலயம் அதே நூலை விரிவுபடுத்தி அழகிய பதிப்பாகக் கொண்டுவந்தது. மேலட்டையை வரைந்தவர், அப்போது சினிமா உலகம் அறிந்திராத சத்யஜித் ராய். கவிஞருக்கு அந்தப் புகழை நெடுங்காலம் அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1954-இல் டிராம் வண்டி மோதிக் காயமுற்று அவர் காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த வரிசைக் கிரமம். முதலில் பதினாறு பக்கச் சிறு நூல். பிறகே பெரிய பதிப்பு. முன்னது இல்லையேல் பின்னது ஏது?

சேலைத் துணியில் கட்டிய புத்தகம்

கல்கத்தாவில் மற்றொரு முயற்சி 1958-இல் ஆரம்பமாயிற்று. ஸெயின்ட் சேவியர் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்த பி. லால் சில நண்பர்களுடன் சேர்ந்து ‘ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப்’ என்னும் ஸ்தாபனத்தை அமைத்தார். இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதும் கவிதைக்கு வேறு போக்கிடம் இல்லாத காலம் அது. லண்டனில் உள்ளவர்கள் இது இந்தியச் சரக்கு என்று ஒதுக்கினார்கள். இங்கே உள்ளவர்கள் இது அந்நிய பாஷைச் சரக்கு என்று ஒதுக்கினார்கள். மேலே நாம் பாராட்டிய புத்ததேவ போஸ் அவர்களே, 1963-இல் வெளிவந்த ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில், இந்தியர் எழுதும் ஆங்கிலக் கவிதைக்கு எதிர்காலம் இல்லை என்று கடுமையாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். லால் அதற்கு வாயால் பதில் சொல்லி நின்றுவிடவில்லை. 132 கவிஞர்களைத் திரட்டி 1969-இல் ஒரு பெரிய தொகை நூலாகவே பதிலை வெளியிட்டார்.

அவர் புத்தகம் செய்த முறையே ஒரு தனி அழகு. எழுத்துக்களைக் கையால் கோப்பார்கள். இந்தியாவில் செய்த கை இயந்திரத்தில், இந்தியக் காகிதத்தில் அச்சிடுவார்கள். கைத்தறிச் சேலைத் துணியால் அட்டை கட்டுவார்கள். தலைப்பை லால் தம் பேனாவினால் சித்திர எழுத்தாக எழுதுவார். இந்த விவரங்களை ஒவ்வொரு நூலிலும் குறிப்பிடுவதோடு, புத்தகம் கட்டிய தொழிலாளியின் பெயரையும் அச்சிடுவது அவர் வழக்கம். எழுத்து அந்நிய பாஷையாயிருந்தாலும் நூல் முழுச் சுதேசிச் சரக்கு என்று சொல்லலாம் அல்லவா?

அந்தச் சேலைத் துணிக்குள் இருந்தவர்கள் யார் யார்? நிஸ்ஸிம் எஸக்கியேல், கமலா தாஸ், ஆதில் ஜுஸ்ஸாவாலா, கேகி தாருவாலா, ஜயந்த மகாபாத்ரர் ஆகியோருடைய நூல்கள் அங்கே வெளிவந்தன. காச்மீரக் கவிஞர் ஆகா ஷாகித் அலியின் முதல் நூல் 1972-இல் அங்கேதான் வந்தது. பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரிய பிரசுராலயமான நார்ட்டன் அவர் நூல்களை வெளியிட்டது. விக்ரம் ஸேட்டின் முதற் கவிதைத் தொகுதியும் கல்கத்தாவில் இந்தச் சேலைத் துணியைப் போர்த்துக்கொண்டு வந்ததே. 1986-இல் அவர் செய்யுளிலேயே எழுதிய நாவலை நியூயார்க்கிலும் லண்டனிலும் பெரிய பிரசுராலயங்கள் வெளியிட்டு அவரை உலகறியச் செய்தன.

லாலின் மீது குறை கூறினவர்களும் உண்டு. நூலாசிரியர் தம் நூலில் 100 பிரதிகளைத் தாமே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கமாயிருந்தது. “இப்படிச் செய்தால் பணம் உள்ளவன் எல்லாம் கவிஞனாகிவிடுவானே!” என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. 3,000-க்கு மேற்பட்ட நூல்களை வெளியிட்ட ஓர் இடத்தில் பதரும் கலந்திருக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். பதருக்கு அஞ்சி உழாமல் விட்ட வயல்கள் அந்நாளில் ஏராளமாய்க் கிடந்தன. உழுத வயல் இது ஒன்றுதான். லால் 2010-இல் காலமானார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் அந்தப் பணியைத் தொடர்ந்தனர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு

இனிப் பம்பாய்க்குப் போவோம். இன்று மும்பை என்று வழங்கும் அந்த நகரத்தின் கவிதைச் சரித்திரத்தில் 1976-ஆம் ஆண்டு மிக விசேஷமானது. அந்த ஒரே ஆண்டில் பெரிய பிரசுராலயமும் சிறிய பிரசுராலயமும் அருகருகே நின்று தத்தம் கைவரிசையைக் காட்டின.

பெரியது, ஆக்ஸ்போர்டு யூனிவர்ஸிடி பிரஸ்ஸின் இந்தியக் கிளை. இந்தியப் புதுக் கவிதைக்கென்று ஒரு வரிசையை அது தொடங்கியது. எஸக்கியேல், தாருவாலா, ஏ. கே. ராமானுஜன் முதலியோர் நூல்கள் அதில் வெளியாயின. குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து உலகுக்கு அறிமுகம் செய்த அதே ராமானுஜன்தான் இவர். அதே ஆண்டில் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட ‘இருபதாம் நூற்றாண்டு இந்தியக் கவிஞர் பதின்மர்’ என்னும் தொகை நூலைத் தொகுத்தவர் ஆர். பார்த்தசாரதி. திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருப்பராய்த்துறையில் 1934-இல் பிறந்த இவர், ஆக்ஸ்போர்டின் சென்னை அலுவலகத்தில் பதிப்பாசிரியராக இருந்தவர். இவர் தொகுத்த நூல் கல்லூரிகளில் பாடமாயிற்று. நம் பிள்ளைகளில் ஆங்கில இலக்கியம் பயின்றவர்கள் பலர் இந்தியக் கவிஞர்களை முதன்முதலாகச் சந்தித்தது அந்த நூலின் பக்கங்களில்தான்.

சிறியது, ‘கிளியரிங் ஹவுஸ்’. பாங்கிகள் ஒன்றுக்கொன்று செக்குக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் இடத்துக்கு உரிய பெயரைக் கையில் காசு இல்லாத நான்கு கவிஞர்கள் எடுத்துக்கொண்டார்கள்! ஆதில் ஜுஸ்ஸாவாலா லண்டனிலிருந்து திரும்பிப் பம்பாய்க் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தவர். அரவிந்த கிருஷ்ண மெஹ்ரோத்ரா அலகாபாத் சர்வகலாசாலை ஆசிரியர். இளமையிலேயே சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பத்திரிகை நடத்திப் பழகியவர். கீவ் படேல் டாக்டர், சித்திரக்காரரும் கூட. அருண் கொலாட்கர் விளம்பரக் கம்பெனிகளில் பணிபுரிந்த சித்திரக் கலைஞர்.

இந்த நால்வரும் தம் நூல்களைத் தாமே வெளியிடுவதென்று தீர்மானித்தார்கள். யாரிடமும் போய்க் காத்திருக்கவில்லை. மேலட்டைக்கு வெளியாரைத் தேடவில்லை, கொலாட்கரே வரைந்தார். விற்பனைக்கு ஏஜெண்டுகளைத் தேடவில்லை. வாசகர்களுக்குத் தபாலில் விளம்பரத் தாள் அனுப்பி முன்பணம் சேர்த்தார்கள். அச்சாகாத புத்தகத்துக்கு, பெயர் தெரியாத கவிஞருக்கு, முன்கூட்டியே பணம் அனுப்பிய அந்த வாசகர்களை நாம் வணங்குகிறோம். அவர்கள் பெயர்கள் எந்த இலக்கிய சரித்திரத்திலும் இல்லை. ஆயினும், அந்த நான்கு நூல்களுக்கும் அவர்களும் பிரசுரகர்த்தர்களே.

‘ஜெஜுரி’யின் யாத்திரை

அந்நான்கில் ஒன்று கொலாட்கரின் ‘ஜெஜுரி’. புனாவுக்கு அருகே உள்ள ஜெஜுரி என்னும் ஊரில் கண்டோபா தெய்வத்தின் ஆலயம் இருக்கிறது. ஸர்க்கார் பஸ்ஸில் அங்கே போய் இறங்கும் ஒருவர், அந்தக் குன்றையும் கல்லையும் இடிந்த மண்டபங்களையும் பூசாரியையும் பிச்சை கேட்கும் கிழவியையும் பார்த்துவிட்டு, ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்பதுடன் நூல் முடிகிறது. பக்தி மிகுந்த பாட்டு என்றும் சொல்ல முடியாது. நாஸ்திகம் என்றும் சொல்ல முடியாது. கண் திறந்திருக்கும் ஒரு மனிதரின் யாத்திரை அது.

பெரிய ஸ்தாபனம் எதன் முத்திரையும் இல்லாத அந்த நூலுக்கு 1977-இல் காமன்வெல்த் கவிதைப் பரிசு கிடைத்தது. கொலாட்கரோ இதற்காகத் தம் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் மராத்தியிலும் கவி. அம்மொழிக் கவிதைகளை அசோக் சஹானே என்னும் நண்பர் நடத்திய ‘ப்ராஸ் பிரகாசன்’ என்ற சிறிய பிரசுராலயம் வெளியிட்டது. 2004-இல் அவருடைய இரண்டு ஆங்கில நூல்களும் அதே நண்பரின் பிரசுராலயத்திலிருந்தே வந்தன. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் கொலாட்கர் காலமானார். மறு ஆண்டு ‘ஜெஜுரி’ நியூயார்க்கில் மறுபதிப்பாயிற்று. 2010-இல் அவருடைய ஆங்கிலக் கவிதைகள் முழுவதும் இங்கிலாந்தில் ஒரே நூலாக வந்தன. அதை வெளியிட்டதும் ‘பிளட்ஆக்ஸ்’ என்னும் சுயேச்சைப் பிரசுராலயமே. அது நியூகாஸில் நகரத்தில் 1978-இல் தோன்றியது.

இன்னும் ஒரு செய்தி. கட்டாக் நகரத்தில் பௌதிக சாஸ்திரம் கற்பித்து வந்த ஜயந்த மகாபாத்ரர் 1981-இல் ஸாகித்ய அகாடமி பரிசு பெற்றார். ஆங்கிலக் கவிதைக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. பரிசு பெற்ற அந்த நீண்ட கவிதையை 1980-இல் வெளியிட்டதும் அமெரிக்காவில் ஒரு சிறிய பிரசுராலயமே!

இரண்டுக்கும் உள்ள குறை

இவற்றால், பெரிய பிரசுராலயங்கள் பயனற்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுவது நன்றி கெட்ட செயல். பார்த்தசாரதியின் தொகை நூலில் இடம்பெற்ற பதின்மரில் கொலாட்கர், மெஹ்ரோத்ரா, படேல் மூவரும் உண்டு. நண்பர்களிடையே மட்டும் உலவிய பெயர்களைத் தேசமெங்கும் உள்ள வகுப்பறைகளுக்கு ஆக்ஸ்போர்டு கொண்டு சேர்த்தது. அந்தப் பலம் கிளியரிங் ஹவுஸுக்கு இல்லை.

ஆனால் பெரிய பிரசுராலயத்தின் மனம் கணக்குப் புத்தகத்தைச் சார்ந்தது. 1998-ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு யூனிவர்ஸிடி பிரஸ் தன் தற்காலக் கவிதை வரிசையை நிறுத்திவிடுவதாக அறிவித்தது. அவ்வரிசையினால் சொல்லத்தக்க வருமானம் இல்லை என்பது காரணம். கற்றறிந்தோர் கூக்குரலிட்டனர், பத்திரிகைகளில் கண்டனங்கள் எழுந்தன, முடிவு மாறவில்லை. அப்போது வீடிழந்த கவிஞர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் யார்? மான்செஸ்டர் நகரத்தின் ‘கார்க்கனெட்’, மேலே சொன்ன ‘பிளட்ஆக்ஸ்’ முதலிய சுயேச்சைப் பிரசுராலயங்களே. மாளிகைக் கதவு சாத்தப்பட்டபோது குடிசைக் கதவு திறந்தது.

லண்டனில் ‘பேபர்’ என்னும் பெரிய பிரசுராலயம் கவிதையை விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருக்கிறது. கவிஞர் டி. எஸ். எலியட் 1925 முதல் அங்கே ஆசிரியர் குழுவில் அமர்ந்து அந்த மரபை உண்டாக்கினார். அவர் குழந்தைகளுக்காகப் பூனைகளைப் பற்றி விளையாட்டாகப் பாடிய நூல் ஒன்று 1939-இல் வெளிவந்தது. 1981-இல் அதை இசை நாடகமாக்கினார்கள், நாடகம் உலகெங்கும் வெற்றி பெற்றது, பணம் குவிந்தது. சாதாரணமாக நாம் பூனைக்குப் பால் வார்ப்போம். அங்கே பூனைகள் கவிஞர்களுக்குப் பால் வார்த்தன. இந்த அதிர்ஷ்டத்தை எல்லாப் பிரசுராலயங்களும் எதிர்பார்க்க முடியுமா?

சிறிய பிரசுராலயத்தின் குறை வேறு. நடத்துகிறவரின் ஆயுளே பெரும்பாலும் அதன் ஆயுள். அவர் ஓய்ந்தால் அதுவும் ஓய்கிறது. கிளியரிங் ஹவுஸ் மொத்தம் எட்டு நூல்களை வெளியிட்டு 1984-இல் முடிவுற்றது. நால்வருக்கும் வேறு உத்தியோகம், வேறு ஊர், வேறு வேலை. ஒரு பிரசுராலயம் மூடப்படும்போது நூல்கள் மறுபதிப்பு இன்றி நிற்கின்றன. இருக்கும் பிரதிகள் பழைய புத்தகக் கடைக்குப் போகின்றன. இருபது வருஷம் கழித்து ஒரு மாணவன் அந்தக் கவிஞரின் பெயரைக் கேட்டால் கொடுப்பதற்கு நூல் இருப்பதில்லை. கவிதை இறப்பது விமரிசகர்களின் வசையினால் அன்று, இப்படி ஓசையின்றித்தான்.

முன்பணம்

ஆகவே, புதுக் கவிதைக்கு இரு வகைப் பிரசுராலயங்களும் வேண்டும். கண்டெடுப்பது சிறியது, கொண்டு சேர்ப்பது பெரியது, பெரியது கைவிடும்போது தாங்கிக்கொள்வது மறுபடியும் சிறியதே. எனினும் இவ்விரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர்தாம் புத்தகம் வாங்கும் வாசகர். அவர் முன்வந்தால் சிறியது பிழைக்கும். அவர் பெருகினால் பெரியதும் மனம் இளகும்.

அவர் முன்வராவிட்டால் என்ன நேரும் என்பதை வேறு யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1920-ஆம் ஆண்டில் கடையத்தில் இருந்த பாரதியார் தம் நூல்களையெல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டார். அதற்கு வேண்டிய பணத்தைக் கடனாகக் கொடுத்து உதவும்படி நண்பர்களுக்குச் சுற்றறிக்கையும் அனுப்பினார். தம் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு செல்லும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பணம் வரவில்லை, புத்தகங்களும் வரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் கவிஞர் மறைந்தார். அவர் சொன்ன கணக்கு எவ்வளவு சரியானது என்பது பின்னால் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் தெரிந்தபோது கேட்டவர் இல்லை.

பள்ளிக்கூட நூல் நிலையத்துக்குப் புத்தகம் தெரிவு செய்ய உட்காரும்போதெல்லாம், “கவிதைக்குக் கிராக்கி இல்லை, ஸார்!” என்று யாரேனும் ஒருவர் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். கிராக்கி இல்லாததனால் வாங்குவதில்லை. வாங்காததனால் பிள்ளைகள் படிப்பதில்லை. படிக்காததனால் கிராக்கி இல்லை. செக்கு மாடு போல் இந்த வட்டத்திலேயே எத்தனை காலம் சுற்றுவது?

இதை உடைக்கப் பெரிய தியாகம் ஒன்றும் வேண்டாம். குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒரு கவிதை நூல். அதுவும் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கவிஞருடைய நூல். கூடுமானால் சிறிய பிரசுராலயம் வெளியிட்டது. மும்பையில் 2003-இல் ‘பொயட்ரிவாலா’ என்று ஒரு சுயேச்சைப் பிரசுராலயம் தோன்றிக் கவிதைக்கென்றே நூல்கள் வெளியிட்டு வருகிறது. நம் தமிழிலும் அத்தகைய துணிச்சல்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். புத்தகக் கண்காட்சிக்குப் போனால் அவர்களுடைய கடை வாசலில் கூட்டம் இராது. ஆகவே கண்டுபிடிப்பது சுலபம். அங்கே நின்று ஒரு நூலைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு கவிதை படியுங்கள். ஒன்று பிடித்திருந்தாலும் போதும். விலையைக் கொடுத்து வாங்கிவிடுங்கள். அடுத்த நூலுக்கு முன்பணம் கேட்டால் அதையும் கொடுங்கள்.

அந்தக் கவிஞர் நிலைப்பாரா என்று நமக்குத் தெரியாது. 1942-இல் சில காசு கொடுத்து அந்தப் பதினாறு பக்கங்களை வாங்கியவருக்கும் தெரிந்திராது.